லாத்தாவின் கொடிக்கயிறு

கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு லாத்தா "பைய, பைய" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால், மேலப்பாளையத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் முதலில் செய்கிற காரியம் அவளுக்குப் பின்னால் இருக்கிற சாமான்களை அப்புறப்படுத்துவதுதான். பன்னீர்ச் செம்பு, பழத்தட்டு, தூங்குகிற கைப்பிள்ளை எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். ஏனென்றால் அந்தப் "பைய, பைய" எங்களுக்குச் சொல்வது இல்லை. மெதுவாகப் போ என்று தன் கால்களுக்குத் தானே சொல்லிக்கொள்வது. அவள் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வருவாள். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். மேலப்பாளையத்துக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது என்பதால், எந்த வீட்டுக்கு நான் பவுடர் பெட்டியோடு போனாலும் அங்கே லாத்தா கேமராப் பையோடு உட்கார்ந்திருப்பாள். ஊரே அவளை லாத்தா என்றுதான் கூப்பிடும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள்தான். நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன். அக்கா என்று சொல்லிப் பார்த்த அன்றைக்கு, "அக்கான்னா யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்குட்டி" என்று சொல்லிவிட்டாள்.

படம் எடுக்கும்போது பின்னால் போகிறவள், மற்ற எந்த விஷயத்திலும் ஒரு அடி பின்னால் போகமாட்டாள். சந்தில் எதிரே ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தால் நடுவில் நின்றுகொண்டு, "உனக்கு ரிவர்ஸ் கியர் இருக்குல்லா? எனக்கு இல்ல. நீ போ" என்பாள். ஆட்டோ போகும். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மானம் போகும். உனக்கா ரிவர்ஸ் கியர் இல்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அவள் பின்னால் போனதற்குக் காரணம் இருந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு லென்ஸ். ஐம்பது என்று நம்பர் போட்டது. வளைகுடாவிலிருந்து அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்த பிலிம் கேமராவோடு வந்தது. அதில் ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டும் என்றால் கிட்டே போக வேண்டும், கூட்டம் முழுக்க வேண்டும் என்றால் தள்ளிப் போக வேண்டும். ஜூம் வாங்கச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"ரெண்டு காலு எனக்கு இருக்கையில லென்ஸ் எதுக்கு நடக்கணும்?"

அந்த ஐம்பதில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. அது வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும். உள்ளறையில் ஒற்றை டியூப்லைட்டு எரிந்தால்கூடப் போதும், பிளாஷ் அடிக்கமாட்டாள். பிளாஷ் அடித்தால் நான் பாடுபட்டுப் போட்ட மேக்கப் வெள்ளையடித்த சுவராகிவிடும். லாத்தாவின் படங்களில் மட்டும்தான் என் மணப்பெண்கள் மனுஷியாக இருந்தார்கள். அதனால் அவள் லென்ஸை யார் குறை சொன்னாலும் அவளுக்கு முந்தி நான் சண்டைக்குப் போய்விடுவேன்.

பிலிம் காலத்தில் ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு, லேப் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். பிரிண்ட் வெளியே வரும்வரை நகரமாட்டாள். ஒரு காப்பி கூடுதலாகப் போட்டுவிடக் கூடாது, நெகட்டிவ் ஒரு துண்டுகூட அங்கே தங்கிவிடக் கூடாது. நம்பித் தலைமுக்காட்டை விலக்கிக்கொண்டு நின்ற பெண்களின் முகம் அது. அந்த ஒரு குணத்துக்காகவே ஊர் அவளைக் கொண்டாடியது. பிறகு பக்கத்தில் கலர் பிலிம் கழுவுகிற இடமெல்லாம் மூடிவிட்டார்கள், ரோலை மெட்ராஸுக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். மெட்ராஸில் யார் ஸ்டூல் போட்டு உட்காருவது? "நம்ம புள்ளைங்க முகம் பார்சல்ல போவணுமா?" என்று கேட்டுவிட்டு, மறு மாதமே டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டாள். படம் எடுத்து முடித்ததும், படம் பதிகிற கார்டைக் கழற்றிப் பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிடுவது என்று ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் படங்கள் அவளுக்கே கிடையாது.

கேமராதான் புதிது. லென்ஸ் அதே ஐம்பது. இரண்டும் ஒரே கம்பெனி, அப்படியே பொருந்திக்கொண்டது. "வீடு மாறினா புருசனையுமா மாத்துவாங்க?" என்றாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் டிஜிட்டல் கல்யாணம் அவள் சொந்தக்காரர் வீட்டிலேயே நடந்தது. வந்திருந்தவர்களில் முக்கியமான ஆள் மாமி. லாத்தாவின் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தங்கை. லாத்தாவின் மகளுக்கு மாமி என்பதால் எங்கள் எல்லோருக்கும் மாமி. நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எந்தக் குரூப் போட்டோவிலும் இடது ஓரத்தில்தான் நிற்பாள். ஓரத்தில் நின்றால் ஒல்லியாகத் தெரியும் என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லிக்கொடுத்திருந்தாள். நடுவுக்கு வரச் சொல்கிற தைரியம் ஊரில் ஒருவருக்கும் இல்லை.

அன்றைக்கு லாத்தா வழக்கமான இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்று அமுக்கினாள். பிலிமாக இருந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டிருக்கும். டிஜிட்டலில் அந்த நிம்மதி கிடையாது. எல்லோரும் கேமராவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள். மாமியும் பார்த்தாள். இடது ஓரத்தில் மாமியின் ஒரு கையும் பாதி வயிறும் மட்டும் இருந்தன.

"எங்க மதினி என் மீதி?" என்று கேட்டாள் மாமி.

"நீங்க நகந்திருப்பிய" என்றாள் லாத்தா.

"நான் எங்கன நகந்தேன்? நின்ன இடத்துலதான் நிக்கேன்."

லாத்தா மறுபடியும் கண்ணில் வைத்தாள். மாமி பாதிதான் தெரிந்தாள். "பைய, பைய" என்று பின்னால் நடந்தாள். அப்போதும் முழுதாக வரவில்லை. இன்னும் நடந்தாள். இத்தனை வருஷமும் அவள் கால்கள் மனப்பாடம் செய்துவைத்திருந்த இடங்கள் எல்லாம் தப்பாகிப்போன நாள் அது. அவளுக்குப் பின்னால் பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப்பக்கம் ஆண்கள் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் "லாத்தா, லாத்தா" என்று கத்துகிறோம். அவள் காதில் விழுந்தால்தானே? திரை அவள் தலைமேல் ஏறி, வழுக்கி, அவளுக்கு முன்னால் விழுந்துவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் கேட்டது.

"யாரு லைட்ட அணைச்சது?"

யாரோ ஒரு பெரியவர் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார். "லைட்டு எரியுதும்மா. நீதான் இங்கன வந்துட்டே."

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே முன்னால் நடந்து திரும்பி வந்துவிட்டாள் மகராசி. நாங்கள் சிரித்துச் சிரித்து, மணப்பெண்ணுக்கு நான் இட்ட மை கன்னம் வரைக்கும் ஓடிவிட்டது. லாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "நான் ஒரு ஆம்பளையவும் பாக்கல. முதுகுல கண்ணா இருக்கு?" என்றாள்.

மாமியும் சிரிக்கவில்லை. மாமியின் மகனுக்கும் லாத்தாவின் மகளுக்கும் சின்ன வயதிலேயே பேசிவைத்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உயிராக இருந்தன. அங்கே தாலிக்குப் பதில் கருகமணி, அதை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் கட்டுவார்கள். தேதி குறிக்க வந்த அன்றைக்கு மாமி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"கருகமணி என் கையாலதான் கெட்டணும். ஆனா மொதல்ல போட்டோ. நான் முழுசா விழுந்திருக்கேனான்னு பாத்துட்டுத்தான் கெட்டுவேன். என்னையப் பாதியாக்குன வீட்டுல நான் எப்படிப் பொண்ணு எடுப்பேன்?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம். மாமி விளையாட்டுக்குப் பேசி ஒருவரும் கேட்டது கிடையாது. முன்பு இன்னொரு பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பாயசத்தில் முந்திரி குறைந்தது என்று, அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றவள். லாத்தாவின் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "உம்மா, உன் லென்ஸால எனக்குக் கல்யாணம் நிக்கப்போவுது" என்று அழுதாள்.

லாத்தா அந்த ஐம்பதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணூறு பட்டிருக்கும், ஓதி ஊதிப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, அதையும் செய்து பார்த்தாயிற்று. பிறகு, தன் வீட்டு உள்ளறையில் மணப்பெண் உட்காரப் போகிற இடத்திலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் கொடிக்கயிற்றைப் பிடித்து, அந்த நீளத்துக்கு அறுத்தாள். கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "கெளம்புட்டி ஜங்ஷனுக்கு" என்றாள்.

ஜங்ஷனில் கேமராக் கடை வைத்திருந்த அண்ணாச்சி நல்ல பொறுமைசாலி. லாத்தாவின் கதையைக் கேட்டுவிட்டு ஐம்பதை வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணும் இல்ல லாத்தா. பிலிம் பெருசு. டிஜிட்டலுக்குள்ள பிலிமுக்குப் பதிலா இருக்க சில்லு சின்னது. ஜன்னல் அதேதான், ஆனா ரெண்டு பக்கமும் கதவு பாதி சாத்திக் கெடக்கு. ஓரத்துல நிக்கவங்க வெளியே போயிருவாங்க."

"அப்போ மாமி வெளியே போனது என் தப்பு இல்லையே?"

"உங்க தப்பும் இல்ல, லென்ஸு தப்பும் இல்ல."

லாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புருஷன் மேல் போட்ட கேஸ் தள்ளுபடி ஆனதுபோல அந்த ஐம்பதைத் தடவிக்கொடுத்தாள். அண்ணாச்சி இதுதான் சமயம் என்று ஒரு ஜூமை எடுத்து நீட்டினார். "இத வாங்குங்க. நின்ன இடத்துலயே நின்னு எல்லாத்தையும் எடுக்கலாம்."

"நின்ன இடத்துலயே நிக்க நான் என்ன கரண்டுக் கம்பமா? சரி, காட்டுங்க. லைட்ட அணைங்க."

"எதுக்கு லாத்தா?"

"எங்க வீட்டு உள்ளறை இப்படித்தான் இருக்கும்."

ஒரே ஒரு லைட்டை விட்டுவிட்டு மற்றதை அணைத்தார்கள். ஜூமில் எடுத்த படம் இருட்டாகவும் கலங்கலாகவும் வந்தது. பிளாஷ் போடலாமே என்றார் அண்ணாச்சி. "அதெல்லாம் கூடாது" என்று லாத்தாவுக்கு முந்தி நான் கத்தினேன். அவர் அந்த ஜூமை உள்ளே வைத்துவிட்டு, ஜூம் இல்லாத லென்ஸ் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இருபது, இன்னொன்று முப்பத்தைந்து. நம்பர் குறையக் குறைய இடம் அதிகம் விழும் என்றார்.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லாத்தா கடைக்கு வந்திருந்தவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்த ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பெண் மணப்பெண் ஆனாள். அவள் கூட வந்த தோழி, கடையில் வேலை பார்த்த பெண், பேட்டரி வாங்க வந்த ஒரு போலீஸ்காரர், எல்லோரும் சொந்தக்காரர்கள். லேமினேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த, நல்ல தொப்பையுள்ள சாத்தான்குளத்துப் பெரியவர் ஒருவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்ச நேரம் மாமி."

"நான் லேமினேஷனுக்குல்லாம்மா வந்தேன்" என்றார் அவர் பாவமாக.

"அது ஆறட்டும். இடது ஓரத்துல நில்லுங்க."

கொடிக்கயிற்றின் ஒரு முனையை அந்தக் காலேஜ் பெண்ணின் கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். "இந்தக் கயிறு என்னைய நிறுத்துத இடந்தான் எங்க வீட்டுச் சுவரு. அதுக்கு மேல போவவேண்டி வந்தா நான் ஓதுன ஃபாத்திஹா மேல சத்தியமா அந்த லென்ஸு வேண்டாம்." பைய, பைய என்று பின்னால் போய்க் கயிறு விறைத்ததும் நின்றாள். ஐம்பதில் சாத்தான்குளத்துப் பெரியவர் பாதியாகத்தான் வந்தார். போலீஸ்காரர் பக்கத்திலும் ஒரு தோள் போய்விட்டது.

இருபதைப் போட்டாள். எல்லோரும் விழுந்தார்கள், மேலே காற்றாடி, கீழே செருப்பு எல்லாம் விழுந்தது. லாத்தா சந்தோஷத்தில் குதிக்கப் போனாள். அதற்குள் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். ஓரத்தில் நின்ற அவரை அந்த லென்ஸ் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தது. தொப்பை ஒன்றுக்கு ஒன்றரையாக இருந்தது.

"இது நானா? சாத்தான்குளத்துல பஸ் ஏறும்போது நான் இப்படி இல்லையே."

லாத்தா என்னைப் பார்த்தாள். நான் லாத்தாவைப் பார்த்தேன். மாமி இந்த லென்ஸில், அதுவும் ஓரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. "பாதியா விழுந்ததுக்கே கருகமணி இல்லன்னுட்டா. இப்படி விழுந்தா ஊரவிட்டே போவணும்" என்று சொல்லிக்கொண்டே இருபதைக் கழற்றினாள்.

கடைசியாக முப்பத்தைந்து. கயிறு விறைக்கிறது, லாத்தாவின் முதுகு கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டுகிறது. அமுக்கினாள். பெரியவர் முழுதாக இருந்தார், இழுபடாமல் இருந்தார். அணைத்துவைத்த வெளிச்சத்திலும் காலேஜ் பெண்ணின் கண் தெளிவாக இருந்தது. லாத்தா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, இது என் அம்பதேதான். பிலிம்ல தெரிஞ்ச மாதிரியே தெரியுது பாரு" என்றாள். மாமியை மறந்துவிட்டு, தன் கால்கள் நிற்கவேண்டிய இடம் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுதாள். இடுப்பில் கயிற்றோடு நின்று அழுகிறவளைப் பார்த்துச் சாத்தான்குளத்துப் பெரியவருக்கும் கண் கலங்கியது. "கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்மா" என்றார். மாமியாக நின்ற உரிமையில் சொன்னார்.

நிக்காஹ் அன்றைக்கு உள்ளறை முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள். மாமி கருகமணியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்தில் போய் நின்றாள். லாத்தா எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு முப்பத்தைந்தைக் கண்ணில் வைத்தாள். அப்போதுதான் மணப்பெண் வாயைத் திறந்தாள்.

"உம்மா இல்லாத போட்டோ எனக்கு வேண்டாம்."

எல்லோரும் லாத்தாவைப் பார்த்தோம். இத்தனை கல்யாணம் எடுத்தவள், அவள் படம் மட்டும் ஒருவரிடமும் கிடையாது. "நான் வந்தா யாருட்டி எடுப்பா?" என்றாள். மகள் என்னைக் கை காட்டினாள். கண்ணுக்கு மை தீட்டச் சொன்னால் தீட்டுவேன், கேமராவில் எனக்கு என்ன தெரியும்?

லாத்தா என் ஐப்ரோ பென்சிலைப் பிடுங்கினாள். சுவரோரம் தரையில் ஒரு கோடு போட்டாள். "இதுல ஜூம் இல்ல. நீ திருகி ஒண்ணும் கெடுக்க முடியாது. இந்தக் கோட்டுல நின்னா நான் பாக்கது உனக்குத் தெரியும். நின்னு அமுக்கு. அவ்வளவுதான்." கேமராவை என் கையில் வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எல்லோரும் இருந்தார்கள். மாமி ஓரத்தில் முழுதாக, விறைப்பாக இருந்தாள். நான் அமுக்கினேன். மாமி முதல் ஆளாக வந்து கேமராவைப் பிடுங்கினாள். உச்சந்தலை முதல் சேலைக் கரை வரைக்கும் தன்னைப் பார்த்தாள். திருப்தி என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எங்களுக்கும் மூச்சு வந்தது. கருகமணியைப் பிரித்துக்கொண்டு மணப்பெண்ணை நோக்கி இரண்டு எட்டு வைத்தவள், நின்று திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"மதினி எங்க?"

குனிந்து பார்த்தோம். மகளுக்குப் பக்கத்தில் லாத்தா நின்ற இடம் காலியாக இருந்தது. பின்வரிசையில் இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒரு கண்ணும் கொஞ்சம் முக்காடும் தெரிந்தன. நான் அமுக்குகிற நேரத்தில், பாழாய்ப்போன பழக்கம், லாத்தா பின்னால் போய்விட்டிருந்தாள்.

"பரவாயில்ல. நீங்க முழுசா விழுந்தாச்சுல்லா? கருகமணியக் கெட்டுங்க" என்றாள் லாத்தா.

மாமி என்னைப் பார்த்து, "நீ கோட்டுல நில்லு" என்றாள். தன் இடது ஓரத்தை விட்டுவிட்டு, ஊரே பார்க்க, அந்த வாட்டசாட்டமான உடம்போடு நடுவுக்கு வந்தாள். லாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"எங்கன போறிய? பாதியா விழுந்தா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். இங்கன நில்லுங்க."

லாத்தா இழுத்துப் பார்த்தாள். மாமி விடவில்லை. மணப்பெண் சிரித்தாள், லாத்தாவும் மாமியும் சிரித்துவிட்டார்கள், நான் அமுக்கிவிட்டேன். மாமி நடுவில் இருந்ததால் ஒல்லியாகத் தெரியவில்லை. அதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை. மகள் கழுத்தில் கருகமணி ஏறியது.

லாத்தா இப்போது மகளோடும் மருமகனோடும் துபாயில் இருக்கிறாள். வீடியோ காலில் பேசும்போதும் பின்னால் போய்க்கொண்டே இருப்பாள், சுவர்தான் அவளை நிறுத்தும். அந்தப் படத்தை நான் திரும்பப் பார்த்ததே இல்லை, அதைக் காட்டு என்று கேட்கிறவர்களுக்குக் காட்டவும் என்னிடம் ஒன்றும் இல்லை. இப்படி வாயால் சொன்னால்தான் உண்டு. அன்றைக்குக் கூட்டம் சாப்பிடக் கலைந்ததும் கேமராவைத் திறந்து கார்டை எடுத்தேன். வழக்கம் அவள் வைத்ததுதானே. "லாத்தா, பொண்ணோட உம்மா யாரு?" என்று கேட்டேன். இத்தனை வீடுகளில் எத்தனையோ உம்மாக்களின் கையில் கார்டை வைத்தவள், தன் கையை நீட்டத் தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கையைப் பிடித்து விரித்துக் கார்டை உள்ளே வைத்து மூடினேன்.